சதுப்பை மூடினால் ஈடு எங்கே? அமெரிக்க ஈரநில வங்கிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மனை வாங்குகிறவர்கள், சின்னதாகக் கடை வளாகம் கட்டுகிறவர்கள், கோயிலுக்கு கார் நிறுத்த இடம் தேடும் சங்கத்தார் என்று பலரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஈரநில எல்லை குறிக்கும் வேலையில் இருப்பதால் எனக்கும் தப்பிக்க வழியில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் வேறிடத்தில் சதுப்பை மீட்டு வைத்திருப்பார், இங்கே சதுப்பை மூடுகிறவர் ஈடாக அதில் ஒரு பங்கை விலைக்கு வாங்குவார். அந்த ஏற்பாடுதான் ஈரநில வங்கி, அந்தப் பங்குதான் கிரெடிட். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால். நடைமுறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சதுப்பு நிலத்தை மண் போட்டு மூட அரசாங்கமே அனுமதி கொடுக்குமா?

கொடுக்கும். 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 404-ஆவது பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. ஆறு, ஓடை, ஈரநிலம் போன்ற கூட்டாட்சி வரம்புக்குள் வரும் நீர்நிலைகளில் மண்ணோ கல்லோ கொட்ட வேண்டுமானால் ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லாரும் 'ஆர்மி கோர்' என்றுதான் சொல்வார்கள். நானும் இனி கோர் என்றே எழுதுகிறேன். அனுமதி கொடுப்பதற்கான அளவுகோல்களை வகுப்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. கோர் கொடுக்க நினைக்கும் அனுமதியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் இ.பி.ஏ.வுக்கு உண்டு. அதை அவர்கள் அபூர்வமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

2. எங்க மனையில தண்ணியே இல்ல, வெறும் புல்லும் புதரும்தான். அதை எப்படி வெட்லேண்ட்னு சொல்றீங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர் குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும். ஈரநிலம் என்றால் கண்ணுக்குத் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதில்லை. கோர் 1987-இல் வெளியிட்ட கையேட்டின்படி மூன்று அடையாளம் பார்க்கிறோம்: நீர், மண், செடி. வளரும் பருவத்தில் தொடர்ச்சியாக 14 நாளாவது தண்ணீர் தேங்கியோ தரைக்குக் கீழே 12 அங்குலத்துக்குள்ளோ நிற்க வேண்டும். பத்தில் ஐந்து ஆண்டாவது இப்படி நடந்தால் போதும். நீங்கள் ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் காய்ந்துதான் கிடக்கும்.

ஆனால் மண் ஆகஸ்டிலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு கட்டியை உடைத்து, மண்ணின் நிறத்தை ஒப்பிட உதவும் மன்சல் நிற அட்டையின் ஓட்டைக்குப் பின்னால் வைத்துப் பார்ப்போம். தண்ணீரில் நெடுநாள் ஊறிய மண்ணில் இரும்பு கரைந்து போய் சாம்பல் நிறமாகியிருக்கும். பழைய வேர் ஓடிய வழிகளில் மட்டும் காற்று புகுந்து துருப்பிடித்த கோடுகள் தெரியும். அந்தச் சாம்பலும் துருவும் சேர்ந்து இருந்தால், மேலே எவ்வளவு அழகாகப் புல் வெட்டி வைத்திருந்தாலும் என் குறிப்பேட்டில் ஒரு டிக் விழுந்துவிடும்.

3. சரி, வெட்லேண்ட்னு ஆயிடுச்சு. கிரெடிட் வாங்கிக் கொடுத்துட்டு வேலையை ஆரம்பிச்சிடலாமா?

முடியாது. ஈடு கட்டுவது கடைசிப் படி. முதலில் தவிர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும், பிறகு குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், அதற்கும் மேல் மிஞ்சும் சேதத்துக்குத்தான் ஈடு. இந்த வரிசையை 1990-இல் ராணுவத் துறையும் இ.பி.ஏ.வும் ஓர் ஒப்பந்தத்தில் எழுதி உறுதிசெய்தன. வீடு, கடை போன்று தண்ணீரை ஒட்டியே இருக்க வேண்டிய அவசியமில்லாத திட்டம் என்றால், 'வேறு இடம் இருக்கிறது' என்பதுதான் சட்டத்தின் முன்முடிவு. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

நடைமுறையில் இது பெரும்பாலும் வரைபடத்தோடு நடக்கும் மல்லுக்கட்டு. உள்சாலையைக் கொஞ்சம் வளைப்பது, மழைநீர்க் குட்டையை மேட்டுப் பக்கம் தள்ளுவது, ஓடையின் மேல் குழாய்க்குப் பதில் சிறு பாலம் போடுவது. பணம் தயாராக இருக்கிறது என்பதற்காக இந்தப் படிகளைத் தாண்ட விடமாட்டார்கள். இதைச் சொன்னதும் 'அப்போ எதுக்கு வங்கி?' என்று கேட்பவர்கள் உண்டு. வரைபடத்தை எவ்வளவு மாற்றினாலும் ஒரு மூலை மிஞ்சத்தான் செய்யும். அந்த மூலைக்குத்தான்.

4. எங்களுது கால் ஏக்கர் கூட வராது. அதுக்குமா இவ்வளவு?

சின்னச் சேதங்களுக்கு நாடு முழுதுக்குமான பொது அனுமதிகள் இருக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். வீடு, வணிகக் கட்டடம் போன்றவற்றுக்கான அனுமதிகளில் மேல் வரம்பு அரை ஏக்கர். தனி அனுமதியைவிட நடை குறைவு, காலமும் குறைவு. ஆனால் ஈரநில இழப்பு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பொதுவாக ஈடு கேட்பார்கள். ஆகவே கால் ஏக்கர் என்றால் தப்பவில்லை.

5. இந்த வங்கியை யார் நடத்துறாங்க? அதுல அப்படி என்னதான் இருக்கு?

இருப்பது நிலம்தான். யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனம், சில இடங்களில் மாநில நெடுஞ்சாலைத் துறை, வடிகால் வெட்டி வறண்டுபோன பழைய சதுப்பை வாங்கி, அதை மறுபடி சதுப்பாக்குகிறார். இவரை ஸ்பான்சர் என்பார்கள். கோர் தலைமையில் இ.பி.ஏ., மீன் மற்றும் வனவிலங்குத் துறை, மாநில அமைப்புகள் என்று பல துறையினர் சேர்ந்த ஒரு மறுஆய்வுக் குழு திட்டத்தைப் பார்க்கிறது. எத்தனை கிரெடிட் கிடைக்கும், எப்போது கிடைக்கும், எந்தப் பகுதிக்குள் விற்கலாம், தோற்றால் யார் பணம் கட்டுவது என்று எல்லாவற்றையும் எழுதி ஓர் உடன்படிக்கை போடுகிறார்கள். அந்த உடன்படிக்கையும் அந்த நிலமும் சேர்ந்ததுதான் வங்கி.

1980களில் லூசியானாவில் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான சதுப்புகளில் இந்த முறை தொடங்கியது. ஆரம்பத்தில் தங்கள் சொந்தச் சேதத்துக்கு முன்கூட்டியே ஈடு சேர்த்துவைக்கத்தான் செய்தார்கள். பிறருக்கு விற்கும் வங்கிகள் 1990களில் பெருகின. 1995-இல் கூட்டாட்சி வழிகாட்டுதல் வந்தது. 2008-இல் முறையான விதியே வந்துவிட்டது.

6. ஒரு கிரெடிட்னா ஒரு ஏக்கரா?

சில இடங்களில் ஏறக்குறைய அப்படித்தான், பல இடங்களில் இல்லை. நிலம் செய்யும் வேலையை அளந்து, அதை ஏக்கரோடு பெருக்குவதுதான் இப்போது பரவலான முறை. ஃபுளோரிடாவின் முறை விளங்கிக்கொள்ள எளிது. இடத்தின் அமைவு, நீர்ச்சூழல், செடி அல்லது உயிர்க்கூட்டத்தின் நிலை ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணுக்கு வருவார்கள்.

நீங்கள் மூடப்போகும் 2 ஏக்கருக்கு 0.7 என்று வந்தால் இழப்பு 1.4. வங்கிப் பக்கம் 10 ஏக்கர் 0.4-இல் இருந்து 0.9-க்கு ஏறுமானால் கூடுதல் 5. ஆனால் அந்த 5 அப்படியே கிடைக்காது. மரம் வளர வருஷங்கள் ஆகும், முயற்சி தோற்கவும் கூடும். காலத் தாமதத்துக்கு ஒரு எண், அபாயத்துக்கு ஒரு எண் என்று இரண்டாலும் வகுத்துக் குறைத்துத்தான் கணக்கில் வைப்பார்கள். இப்படி எந்த அளவுகோலும் கைவசம் இல்லாத இடத்தில், குறைந்தபட்சம் ஏக்கருக்கு ஏக்கர், ஓடை என்றால் அடிக்கு அடி என்பது 2008 விதி.

7. என்ன விலைங்க? கவர்மென்ட் ரேட் இருக்கா?

இல்லை. விலை வைப்பது ஸ்பான்சர். கோர் அதில் தலையிடாது. உங்கள் பகுதியில் நில விலை என்ன, எத்தனை வங்கிகள் போட்டியில் இருக்கின்றன, எவ்வளவு கிரெடிட் கையிருப்பு என்பதைப் பொறுத்து ஒரே மாநிலத்துக்குள்ளேயே பல மடங்கு வித்தியாசம் வரும். மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். கிரையம் முடிந்த பிறகு விசாரித்துத் தலையில் கைவைத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

8. காய்ஞ்ச வயலை எப்படி திரும்பவும் சதுப்பாக்குறது? தண்ணி விட்டா போதாதா?

தண்ணீரை விடுவதில்லை. தண்ணீர் வெளியே ஓடும் வழியை அடைக்கிறார்கள். மிட்வெஸ்ட் மாநிலங்களில் சோள வயல்களுக்கு அடியில் மூன்று நாலு அடி ஆழத்தில் டைல் குழாய்கள் ஓடுகின்றன. பழையது சுட்ட களிமண், புதியது துளையிட்ட பிளாஸ்டிக். வயலைச் சதுப்பாக இல்லாமல் வைத்திருப்பதே அவைதான். வயல் ஓரத்தில் நீளப் பள்ளம் தோண்டி, குழாய் எங்கெங்கே குறுக்கே போகிறது என்று கண்டுபிடித்து, ஒரு நீளத்துக்குப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் களிமண்ணால் இறுக்கி அடைப்பார்கள். வெளி வாய்க்காலிலும் அப்படியே. பக்கத்து வயல்காரரின் குழாயும் இதே வழியாக வந்தால் அதற்கு மாற்று வழி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் வீட்டுச் சோளம் மூழ்கிவிடும், வழக்கும் வந்துவிடும்.

பிறகு தரையின் மேடுபள்ளம். உழுது உழுது மேசைபோல் ஆன நிலத்தில் சில அங்குல ஏற்றஇறக்கம் திரும்ப வேண்டும். அந்தச் சில அங்குலம்தான் எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று தீர்மானிக்கிறது. முன்பெல்லாம் இதைக் கவனிக்காமல் ஆழமாகத் தோண்டிவிட்டு, நிறைந்த தண்ணீரைக் காட்டி 'வெட்லேண்ட் ரெடி' என்றவர்கள் உண்டு. நடுவில் குளம், சுற்றிலும் சம்புக்கோரை. மூடப்பட்டதோ காட்டுச் சதுப்பாக இருந்திருக்கும். புல்டோசர் ஏறி இறுகிப்போன மண்ணில் வேர் இறங்காமல் நட்ட செடி வரிசையாகச் செத்த இடங்களும் உண்டு.

நட்ட பிறகுதான் உண்மையான போராட்டம். ரீட் கேனரி புல் ஒரு பக்கம் நுழைந்தால் இரண்டு பருவத்தில் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். ஃபுளோரிடாவில் அந்த வேலையை ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மெலலூக்கா மரம் செய்கிறது. கனடா வாத்துகள் கூட்டமாக இறங்கி இளம் நாற்றுகளைப் பிடுங்கித் தின்னும். அவை இறங்க முடியாதபடி குச்சி நட்டு குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டுவார்கள். ஓடையில் அணை கட்டும் விலங்கான பீவர் வந்து வெளிவாயை அடைத்தால் திட்டமிட்டதைவிட ஒரு அடி தண்ணீர் ஏறும். சிலருக்கு அது தலைவலி, சிலருக்கு இலவச வேலையாள்.

9. வங்கி முழுசா தயாராகும் முன்னாடியே கிரெடிட் விக்கிறாங்களே, அது எப்படி?

தவணையாக விடுவிக்கிறார்கள். உடன்படிக்கை ஒப்புதலாகி, நிலம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டு, நிதி உத்தரவாதமும் கட்டிய பிறகு ஒரு சிறு பங்கு விற்பனைக்கு வரும். குழாய் உடைத்து நட்டு முடித்த பிறகு இன்னொரு பங்கு. அடுத்தடுத்த ஆண்டுகளில் நீர்மட்டம், செடிகளின் பரவல், அந்நியச் செடிகளின் அளவு ஆகியவை இலக்கைத் தொடத் தொட மீதி. கணிசமான ஒரு பங்கை, எல்லா இலக்கும் நிறைவேறும் வரை பிடித்துவைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. கண்காணிப்பு குறைந்தது ஐந்து ஆண்டு. மரக்காடு என்றால் அதைவிட நீளும்.

முதல் தவணையை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பான்சர் தரப்பில், நிலத்தை வாங்கி பத்து வருஷம் ஒரு பைசா வராமல் இருக்க யாரால் முடியும் என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முதல் தவணை சிறிதாக இருக்கும் வங்கிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நிம்மதி.

10. அண்ணா, நான் காசு கொடுத்து வாங்கின பிறகு அந்த இடம் பாழாப் போச்சுன்னா என்னைப் பிடிப்பாங்களா?

பிடிக்கமாட்டார்கள். இந்த ஏற்பாட்டின் மையமே அதுதான். கிரெடிட்டை முறைப்படி வாங்கி, விற்பனைச் சான்றை கோரிடம் சேர்த்துவிட்டால், ஈட்டை வெற்றிபெற வைக்கும் பொறுப்பு உங்களிடமிருந்து ஸ்பான்சருக்கு மாறிவிடுகிறது. நீங்கள் கொடுக்கும் விலையில் பாதி இந்தக் கைமாற்றத்துக்குத்தான் என்று நான் சொல்வது வழக்கம். சான்றைச் சேர்க்காமல் வேலையை ஆரம்பித்தால் அனுமதி நிபந்தனையை மீறியவர் நீங்களே. பெரும்பாலான அனுமதிகளில் முதல் லோடு மண் விழுவதற்கு முன்பே சான்று போய்ச் சேர வேண்டும்.

11. வங்கி நடத்துறவரே கடையை மூடிட்டு ஓடிட்டா?

அதற்காகத்தான் மூன்று பூட்டு. ஒன்று, நிதி உத்தரவாதம்: பணம் போடும் வங்கி தரும் உத்தரவாதக் கடிதம், பாண்டு, காப்பீடு என்று ஏதாவது ஒரு வடிவில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கும், வேலை தோற்றால் அதை எடுத்து வேறொருவர் சரிசெய்வார். இரண்டு, நிலத்தின் மேல் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் பதிவாகியிருக்கும். நிலம் யாருக்குக் கைமாறினாலும் அதில் கட்டடம் கட்டவோ மறுபடி வடிகால் வெட்டவோ முடியாது. மூன்று, நெடுங்காலப் பராமரிப்புக்கு ஓர் அறக்கட்டளை நிதி, அதன் வட்டியில் வேலி, அந்நியச் செடி நீக்கம் போன்றவை நடக்கும்.

மூன்றாவது பூட்டுதான் கொஞ்சம் தளர்வானது. ஐம்பது வருஷத்துக்குப் பின் களையெடுக்க என்ன செலவாகும் என்று இன்றைக்குக் கணக்குப் போடுவதில் ஊகம் அதிகம்.

12. எதுக்கு அடுத்தவன்கிட்ட வாங்கணும்? என் மனைக்குப் பின்னாடியே நானே ஒரு குளம் வெட்டிக்கிறேனே?

சட்டப்படி முடியும். அனுமதி பெற்றவரே செய்யும் ஈடு என்று அதற்கு ஓர் இடம் உண்டு. வெகுகாலம் அதுதான் வழக்கமாகவும் இருந்தது. 2001-இல் தேசிய ஆய்வுக் குழு தந்த அறிக்கை அதன் லட்சணத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது: சில ஈடுகள் தொடங்கப்படவே இல்லை, பல முடிக்கப்படவில்லை, முடித்தவற்றிலும் பல மூடிய சதுப்பைப் போல் வேலை செய்யவில்லை. கடை வளாகத்துக்குப் பின்னால் வேலி போட்ட அரை ஏக்கர் குட்டையை நினைத்துப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்து எண்ணெய் வழிந்து வரும், சுற்றி எந்தக் காடும் இல்லை, கட்டடம் கைமாறினதும் அது எதற்கு என்றே யாருக்கும் தெரியாது. எட்டாம் கேள்வியில் சொன்ன குளமும் சம்புக்கோரையும் நிறைய வந்தது இப்படித்தான்.

எதிர்ப்பக்கத்தில் ஃபுளோரிடாவின் டிஸ்னி வனப் பாதுகாப்பகத்தைக் காட்டுவார்கள். அது வங்கி இல்லை. 1990களின் தொடக்கத்தில், துண்டு துண்டாக ஈடு செய்வதற்குப் பதில் ஏறக்குறைய 8,500 ஏக்கர் மாட்டுப் பண்ணையை ஒரே வீச்சில் வாங்கி, நேச்சர் கன்சர்வன்சி அமைப்பின் பொறுப்பில் விட்டு மீட்டார்கள். பெரிய நிலம், நிலத்தைப் பற்றித் தெரிந்த ஆள், நீண்ட காலம். வங்கி முறை பிடிக்க முயல்வதும் இந்த மூன்றையும்தான்.

13. இன்-லியூ ஃபீன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேற இது வேறயா?

வேறு. அங்கே நீங்கள் ஒரு அரசு அமைப்பிடமோ லாப நோக்கற்ற அமைப்பிடமோ பணம் கட்டுகிறீர்கள். பலர் கட்டிய பணம் சேர்ந்த பிறகு அவர்கள் இடம் தேடி வேலை செய்வார்கள். வங்கியில் நிலமும் திட்டமும் முதலில், விற்பனை பிறகு. இதில் பெரும்பாலும் தலைகீழ். பணம் சேர்ந்துகொண்டே இருந்து நிலம் வராமல் போன கதைகள் நடந்ததால், முதல் முன்பணக் கிரெடிட் (வேலை தொடங்கும் முன்பே விற்பது) விற்ற பிறகு வரும் மூன்றாவது முழு வளர்பருவத்துக்குள் நிலம் வாங்கி முதல்கட்ட வேலை முடிய வேண்டும் என்று 2008 விதி கடிவாளம் போட்டது. அந்த விதி வைக்கும் முன்னுரிமை வரிசை: முதலில் வங்கி, பிறகு இன்-லியூ ஃபீ, கடைசியில் நீங்களே செய்வது. வங்கியே இல்லாத பகுதிகளில் இன்-லியூ ஃபீதான் கைகொடுக்கிறது.

14. டெக்சாஸ்ல மூடிட்டு மொன்டானால மலிவா கிடைக்கிற கிரெடிட்டை வாங்கலாமா?

கூடாது. ஒவ்வொரு வங்கிக்கும் சேவைப் பகுதி என்று ஒரு எல்லை உண்டு. பெரும்பாலும் ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியோ அதன் உட்பிரிவோ. வெள்ளத்தைப் பிடித்துவைப்பதும் அழுக்கை வடிகட்டுவதும் அந்த ஆற்றுக்குச் செய்த வேலை. வேறு ஆற்றில் செய்தால் இந்த ஆற்றுக்கு என்ன பயன்?

வகையும் ஒத்துப்போக வேண்டும். காட்டுச் சதுப்புக்குப் புல் சதுப்புக் கிரெடிட்டை எளிதில் ஏற்கமாட்டார்கள், ஓடைக்கு ஓடைக் கிரெடிட்டே வேண்டும். பீட் (முழுதும் மட்காத செடிக்கழிவு) சேர்ந்த போக் சதுப்புகள், ஊற்றுகள், அட்லான்டிக் வெண்சிடார் காடுகள் போன்றவை திரும்ப உண்டாக்கக் கடினமானவை என்று விதியே பெயர் சொல்கிறது. பல்லாயிரம் வருஷம் சேர்ந்த பீட்டை ஐந்து வருஷக் கண்காணிப்பில் யார் உண்டாக்குவது? அவற்றைத் தொடாமல் இருப்பதே வழி.

15. ஏற்கெனவே நல்லா இருக்கிற காட்டை 'பாதுகாக்கிறோம்'னு காட்டி கிரெடிட் வாங்குறது ஏமாத்து வேலை இல்லையா?

உங்கள் சந்தேகம் சரியானதுதான். பாதுகாப்பதால் புதிதாக ஒரு ஏக்கரும் வருவதில்லை. ஆகவே நிபந்தனைகள் இறுக்கம்: அந்த இடம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு உண்மையிலேயே முக்கியமாக இருக்க வேண்டும், அழியும் அபாயத்தில் இருக்க வேண்டும், நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டும். கிரெடிட்டும் குறைவாகத்தான் கிடைக்கும். நல்ல திட்டங்களில் மீட்பு வேலைக்கு ஒட்டுச் சேர்க்கையாகத்தான் இது வரும். வெறும் பாதுகாப்பை மட்டும் நம்பியிருக்கும் வங்கி என்றால் நான் இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன்.

16. டவுனுக்குள்ள இருந்த சதுப்பு போயி எங்கேயோ கிராமத்துல வருது. கணக்கு சரி, எங்க தெரு மூழ்குதே?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. வங்கி மலிவான நிலத்தைத் தேடுகிறது, மலிவான நிலம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஃபுளோரிடா வங்கிகளைப் பற்றி 2006-இல் வந்த ஓர் ஆய்வு, ஈரநிலம் மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் இருந்து குறைந்த இடங்களுக்கு நகர்வதைக் காட்டியது. பறவைக்கும் தவளைக்கும் அது லாபமாகக்கூட இருக்கலாம். பெரிய நிலம், தொடர்ச்சியான காடு. ஆனால் உங்கள் தெருவின் மழைநீரைப் பிடித்துவைத்த பள்ளம் முப்பது மைல் தள்ளிப் போனால் அது உங்களுக்கு உதவாது. கிரெடிட் கணக்கில் செடிக்கும் மண்ணுக்கும் நீருக்கும் மதிப்பெண் உண்டு, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு அநேகமாக இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது, அனுமதிக்கான பொது அறிவிப்பு வரும்போது எழுதிப் போடுவது. தனி அனுமதி என்றால் கோர் அறிவிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்டாக வேண்டும். தெருவில் எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தேதி போட்ட படங்களோடு கொடுத்தால் எடை கூடும். மூன்றாம் கேள்வியில் சொன்ன 'தவிர்த்தல்' என்ற படியை இறுக்கிப் பிடிக்க அதுவே சமயம்.

17. 'நிகர இழப்பு இல்லை'ன்னு எத்தனையோ வருஷமா சொல்றாங்க. நிஜமாவே நின்னுடுச்சா?

நிற்கவில்லை. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் 1780களில் சுமார் 22 கோடி ஏக்கர் ஈரநிலம் இருந்ததாக மதிப்பீடு. 1980களில் அது 10 கோடி ஏக்கர் சொச்சம். கலிஃபோர்னியாவும் ஒஹையோவும் பத்தில் ஒன்பது பங்கை இழந்திருந்தன. மூத்த ஜார்ஜ் புஷ் 1988 தேர்தலில் 'நிகர இழப்பு இல்லை' என்பதை முழங்கி, பிறகு கொள்கையாக்கினார். ஆனால் மீன் மற்றும் வனவிலங்குத் துறை 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2019 வரை நிகரமாக 2,21,000 ஏக்கர் போனதாகச் சொல்கிறது. முந்தைய காலத்தைவிட இழப்பின் வேகம் கூடியிருக்கிறது. செடி மூடிய ஈரநிலத்தை மட்டும் பார்த்தால் 6,70,000 ஏக்கர் இழப்பு. குளம்குட்டைகள் கூடியதால்தான் மொத்தக் கணக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் வங்கிகளைக் குற்றம் சொல்ல முடியாது. வழக்கமான உழவு, மரம் வளர்ப்பு போன்றவற்றுக்கு 404-ஆவது பிரிவிலேயே விலக்கு உண்டு. கடல் ஏறுவதற்கு யாரும் அனுமதி வாங்குவதில்லை. அனுமதி வழியாகப் போகும் சேதத்தைத்தான் வங்கி ஈடுகட்டும்.

18. சாக்கெட் தீர்ப்பு வந்த பிறகு இதெல்லாம் தேவையே இல்லைன்னு ரியல் எஸ்டேட்காரர் சொல்றாரே?

அவர் சொல்வதில் பாதி உண்மை. ஐடஹோவில் பிரீஸ்ட் ஏரிக்கு அருகே சாக்கெட் என்ற தம்பதி வீடு கட்ட மனையில் சரளை கொட்டியதில் தொடங்கிய வழக்கு அது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், நிலையாகத் தண்ணீர் உள்ள ஆறு, ஏரி போன்றவற்றோடு தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்பு உள்ள ஈரநிலம் மட்டுமே தூய நீர்ச் சட்டத்துக்குள் வரும் என்றது. தனித்துக் கிடக்கும் நிறைய சதுப்புகள் கூட்டாட்சி வரம்பை விட்டு வெளியே போய்விட்டன. அனுமதி வேண்டாத இடத்தில் கிரெடிட்டும் வேண்டாம்.

மறுபாதி, மாநிலச் சட்டம். நியூ ஜெர்சி, மிச்சிகன், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களுக்குச் சொந்த ஈரநிலச் சட்டம் உண்டு. கூட்டாட்சி கைவிட்டதையும் அவை பிடிக்கும். ஆகவே விற்பவரின் வாய்வார்த்தையை நம்பாமல் மனை கூட்டாட்சி வரம்புக்குள் வருகிறதா என்ற வரம்புத் தீர்மானத்தைக் கோரிடம் எழுத்தில் வாங்குங்கள், மாநில அலுவலகத்திலும் தனியாகக் கேளுங்கள்.

19. தெரியாம ஏற்கெனவே மண் போட்டாச்சு. இப்போ கிரெடிட் வாங்கினா சரியாயிடுமா?

தானாகச் சரியாகாது. கோரோ இ.பி.ஏ.வோ மண்ணை அள்ளிப் பழையபடி ஆக்கச் சொல்லலாம், அபராதம் விதிக்கலாம், அல்லது பின்னேற்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க விடலாம். அப்படி விட்டாலும் தவிர்த்தல், குறைத்தல் எல்லாம் முதலில் இருந்து வரும். இதற்கு மேல் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

20. நம்ம பள்ளிக்கரணைக்கும் இப்படி ஒரு வங்கி கொண்டுவந்தா என்ன?

இந்தியாவில் இப்படியொரு ஏற்பாடு சட்டத்தில் இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்கின்றன. விற்று ஈடுகட்டும் வழியைத் திறப்பதில்லை. பள்ளிக்கரணை 2022 முதல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. ஓரளவு ஒத்த ஏற்பாடு காட்டுக்குத்தான் உண்டு: காட்டை எடுப்பவர் பணம் கட்டி வேறிடத்தில் மரம் நடும் ஈடுசெய் காடு வளர்ப்பு, அதற்கு 2016-இல் தனி நிதிச் சட்டம். பதினாறாம் கேள்வியை இங்கே பொருத்திப் பாருங்கள். வேளச்சேரியில் மூடிவிட்டு செங்கல்பட்டில் ஈடு என்றால், வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் எங்கே போகும்? என் அபிப்பிராயம், அங்கே இருக்கும் எல்லையைக் காப்பதுதான் முதல் வேலை, வங்கி வேண்டாம்.

21. எந்த வங்கியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

கோர் நடத்தும் ரிபிட்ஸ் என்ற தகவல் தளம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் வங்கிகளின் பட்டியல், சேவைப் பகுதி வரைபடம், விடுவித்த கிரெடிட், விற்ற கிரெடிட் எல்லாம் வரும். பல வங்கிகளுக்கு உடன்படிக்கையும் ஆண்டுக் கண்காணிப்பு அறிக்கையும்கூட இருக்கும். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் உள்ள புகைப்படங்களைப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று வருஷா வருஷம் எடுத்தவை, நிறைய சொல்லும்.

தளத்தில் மிச்சம் என்று தெரிவது ஏற்கெனவே வேறொருவருக்குப் பேசி வைத்ததாகவும் இருக்கலாம். ஸ்பான்சரை நேரடியாக அழைத்து, உங்கள் வகைக் கிரெடிட் எத்தனை கைவசம், விலை எத்தனை நாள் செல்லும், முன்பதிவுத் தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் முன்பதிவு காலாவதியாகிவிட்டால் புது விலைதான்.